பதிவாகாத காலியிடம்

"செயற்குழுவின் ஏழு உறுப்பினர்களில் ஒரே நிறுவனத்திடம் சம்பளம் பெறுவோர் இருவருக்கு மேல் இருக்கலாகாது. மூன்றாமவர் அந்த நிறுவனத்தில் பணியேற்கும் நாளிலேயே செயற்குழுவில் அவருடைய இடம் காலியானதாகும். தலைவர் அதை அடுத்த கூட்டத்தில் பதிவு செய்ய வேண்டும்."

எங்கள் சங்கத்தின் பதினோராம் விதி இது. எழுதியவன் நான். பதிவுத் துறையில் வேலை பார்த்த காலம் முழுவதும் மற்றவர்கள் எழுதிய சங்க விதிகளைப் படித்துக் குறிப்பெழுதியே ஓய்வு பெற்றவன். பூப்பந்துக் கழகம், குடியிருப்போர் நலச் சங்கம், பஜனை மண்டலி எல்லாம் பார்த்தாயிற்று. ஓட்டையில்லாத விதி எழுதத் தெரியும். பதினோராம் விதியில் ஓட்டை இல்லை என்று இன்றும் சொல்வேன். ஓட்டையில்லாத விதியையும் ஒன்று செய்ய முடியும் என்று எங்கள் தலைவர் காட்டினார். அதைக் கையில் எடுக்காமல் அப்படியே வைத்திருக்கலாம்.

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் என் வீட்டுக்கு நேர் கீழ்வீடு அவருடையது. ஐம்பதைக் கடந்த பெண்மணி, தனியாக வாழ்ந்தவர். மென்பொருள் நிறுவனங்களில் பல வருடம் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டு விலகியவர். போன மழைக்காலத்தில் காலமானார். கீழே பெயர்ப் பலகையில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. அதை எடுப்பது பொருளாளரின் வேலை என்று அடுக்ககத்துச் செயலாளர் சொல்கிறார், செயலாளரின் வேலை என்று பொருளாளர் சொல்கிறார். நானும் வற்புறுத்தவில்லை. இங்கே அந்தப் பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவரைப் புரிந்துகொள்ள அவர் வீட்டில் வேலை செய்த பெண்களின் கதை போதும். யாரும் அங்கே ஒரு வருடம் தங்கியதில்லை. சம்பளத்தில் குறையில்லை, பேச்சிலும் கடுமையில்லை. வேலை சுத்தமாக இருக்கிறது என்று கண்டுகொண்டால் அவரே அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் தேட ஆரம்பித்துவிடுவார். ஒருவர் ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்கு ஆயாவாகப் போனார். இன்னொருவர் அடையாறில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனார். அங்கே பி.எஃப். உண்டு என்று இவர்தான் மாடி வரை வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அடுத்த ஆள் கிடைக்கும்வரை பாத்திரம் தேய்க்கும் சத்தம் கீழ்வீட்டிலிருந்து கேட்கும். அவர் கைதான்.

ஒரு நாள் மாடிப்படியில் கேட்டேன்.

"இந்தம்மாவையாவது விட்டு வைக்கக் கூடாதா?"

"நல்ல இடம் சார். போகட்டும்."

"உங்க வீடு கெட்ட இடமா?"

"இங்க என்ன சார் இருக்கு? நாலு தட்டு, ரெண்டு டம்ளர்."

எங்கள் காவலாளியையும் இப்படித்தான் ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு அனுப்பிவைத்தார். அடுத்து வந்தவர் பகலில் தூங்குபவர். அடுக்ககக் கூட்டத்தில் இதைப் பற்றி விவாதம் வந்தபோது, தூங்குபவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கலாம், நல்ல டாக்டர் ஒருவரைத் தெரியும் என்றார்.

சங்க விஷயமாக அவர் முதல் முறை என் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் மடிக்கணினி.

"சார், ஒரு சங்கம் பதியணும். நீங்க ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல இருந்தீங்கன்னு வாட்ச்மேன் சொன்னார்."

"எந்த வாட்ச்மேன்?"

"போனவர்."

பார்வையில்லாதவர்களுக்காகக் கணினியில் இருக்கும் தமிழை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் அது. ஸ்கேன் செய்த காகிதத்தையும் படிக்கும். அவரும் நகரத்தில் அங்கங்கே இருந்த சிலரும் சேர்ந்து, வேலை முடிந்த மாலைகளில், சம்பளமில்லாமல் எழுதியது. அதன் மூல நிரல் இணையத்தில் திறந்து கிடந்தது. யாரும் படிக்கலாம், எடுக்கலாம், திருத்தலாம்.

"அப்படியானால் அது யாருடையது?" என்று கேட்டேன்.

"எல்லாருடையதும் சார்."

"விண்ணப்பத்துல அப்படி ஒரு கட்டம் கிடையாதும்மா."

சிரித்தார். ஆனால் பேசப் பேச, மூன்று பொருள்கள் யாராவது ஒருவருடையதாக இருந்தே தீர வேண்டும் என்று தெரிந்தது. மென்பொருளின் பெயர், அதன் இணையதளம், புதிய பதிப்பை வெளியிடும் சாவி. சாவி என்பது ஒரு மின் முத்திரை. 'இது அசல்தான், உள்ளே விடு' என்று ஊரில் உள்ள கணினிகளுக்குச் சொல்வது அது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நாளைக்கு எல்லார் கணினியிலும் எது பேசும் என்று தீர்மானிப்பவர். மூன்றையும் சங்கத்தின் பெயரில் எழுதினோம். ஏழு பேர் செயற்குழு, அவர் தலைவர். எனக்குக் கௌரவ ஆலோசகர் என்ற பதவி. ஓட்டு இல்லை, வாய் உண்டு.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் மருத்துவர் ஞாயிறுகளில் தன் காத்திருப்பறையைக் கொடுத்தார். சொத்தைப் பல் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து நிரலைப் பற்றிச் சண்டை போடுவார்கள். செயற்குழுவில் ஒருவர் தயாளன். சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் வழக்கறிஞர், பிறவியிலேயே பார்வையில்லாதவர், பிறந்ததும் சைதாப்பேட்டை. கறுப்புக் கோட்டைப் போட்டால் நீதிமன்றத் தமிழ், கழற்றினால் சொந்தத் தமிழ். இந்த மென்பொருள் தனக்கு என்ன செய்தது என்று அவர்தான் எனக்குப் புரியவைத்தார்.

"முன்னெல்லாம் என் கேஸ் கட்டை எனக்கு எவனாவது படிச்சுக் காட்டணும் சார். படிக்கிறவன் எதிர்சைடு வக்கீலுக்கும் தோஸ்தா கீறான். நான் கோர்ட்டுல வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே என் பாயிண்ட் அங்க போய்க் குந்திக்கினு கீது. இப்ப என் காதுக்கும் காயிதத்துக்கும் நடுவுல எவனும் இல்ல."

சங்கத்துக்குப் புரவலராகப் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. இணையதளத்தை இயக்கும் செலவு அவர்களுடையது, ஆண்டுக் கூட்டத்துச் சாப்பாடு அவர்களுடையது. முதல் ஆண்டுக் கூட்டத்துக்கு அவர்களுடைய சமூக உறவு மேலாளர் எல்லாருக்கும் சட்டை கொண்டுவந்தார். மார்பு முழுக்க நிறுவனத்தின் பெயர். எங்கள் மென்பொருளின் பெயர் பின்பக்கம் காலருக்குக் கீழே, துவைக்கும் முறையை அச்சிடுகிற இடத்தில். அந்த வாரமே பதினோராம் விதியை எழுதி, முறையாக அறிவிப்புக் கொடுத்து, பொதுக்குழுவில் நிறைவேற்றினேன். மேலாளரே எழுந்து கை தட்டினார். "கம்யூனிட்டியோட சுதந்திரத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம் சார்" என்றார். அவர் மதித்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எவ்வளவு பெறும் என்று மதிப்பதும் அவர் வேலைதான்.

முதலில் போனவர் ரியாஸ். ராயப்பேட்டைக்காரர், கெட்டிக்காரர். சிறிய இடத்தில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தார். புரவலர் நிறுவனத்தில் இடம் காலி என்று தெரிந்ததும் எங்கள் தலைவர் தானே பரிந்துரை எழுதினார். வேலை கிடைத்த அன்று ரியாஸ் வீட்டிலிருந்து வந்த பிரியாணியில் எனக்கு மட்டும் காய்கறி பிரியாணி தனியாகக் கேட்டு வாங்கி மாடிக்குக் கொண்டுவந்தார்.

"இதெல்லாம் நீங்க எதுக்குக்கா?" என்று கூடவே வந்த ரியாஸ் வெட்கப்பட்டார். "எனக்கு அங்க போறதுல பாதி மனசுதான்."

"மீதி மனசை ஞாயித்துக்கிழமை இங்க கொண்டாப்பா" என்றார்.

ஆறேழு மாதம் கழித்துக் கோட்டூர்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்த இன்னொரு உறுப்பினரும் அங்கே சேர்ந்தார். அதற்கும் பரிந்துரை இவருடையதே. இரண்டு ஆயிற்று, விதி இன்னும் மீறப்படவில்லை என்று சொல்லி வைத்தேன்.

"நீங்க எண்ணிக்கிட்டே இருங்க சார்."

"எண்ணத்தானே விதி எழுதியிருக்கு?"

"எண்ணுங்க, எண்ணுங்க. அந்தப் பையனுக்கு இப்பதான் கல்யாணம் நிச்சயமாயிருக்கு."

மூன்றாவதாக வந்தது செல்வி. இந்தச் சித்திரத்தில் தலைவருக்கு அடுத்து முக்கியமானவர் அந்தப் பெண்தான். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவர். வீடுகளை இடித்துக் குடும்பங்களை நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது அவர் கல்லூரியில் இருந்தார். அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி ஆழ்வார்பேட்டைக்கு வருவார், ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. எண்களையும் சுருக்க எழுத்துகளையும் ஒழுங்காகப் படிக்கும் பகுதி அவர் எழுதியது. 'ரூ.' என்பதை 'ரூ புள்ளி' என்று படித்துக்கொண்டிருந்த மென்பொருள் அவர் வந்தபிறகுதான் 'ரூபாய்' என்றது. தயாளன் அன்றைக்குத் தொலைபேசியில் அழைத்து, "இன்னா செல்வி, எனக்குக் கலெக்டர் ஆனமாரி கீது" என்றார்.

செல்விக்கு நிறுவனத்தில் வேலை கிடைத்த அன்று மாலை கீழ்வீட்டுச் சமையலறையில் மூவரும் இருந்தோம். என்னைக் கூப்பிட்டது தலைவர். ஏன் கூப்பிட்டார் என்று முதலில் புரியவில்லை. செல்வி வாயைத் திறந்ததும் புரிந்தது.

"சார், கமிட்டில கீறேன்னுதான் சார் என்னை எடுத்துக்கினாங்க. சீட்டு போச்சுன்னா வேலையும் போயிரும்."

"ஆர்டரில் அப்படி எழுதியிருக்கா?"

"எழுதல சார். சொன்னாங்க."

"எழுதாததுக்கு..."

"சார், காபி ஆறுது" என்றார் தலைவர்.

குடித்தேன். செல்வி பேச்சை நிறுத்திக்கொண்டு பாத்திரங்களைக் கழுவப் போனார். தலைவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஆறு மாசம் சார். ப்ரொபேஷன் முடியட்டும், கன்ஃபர்ம் ஆகட்டும். அப்புறம் நானே பதிவு பண்றேன்."

"விதியில் ஆறு மாதம் என்று எதுவும் இல்லை."

"விதி எங்கயும் ஓடிடாது. பொண்ணு அங்கேருந்து ரெண்டு பஸ் மாறி வர்றா."

"பஸ்ஸுக்கும் பதினோராம் விதிக்கும் சம்பந்தம் இல்லை."

"உங்களுக்கு இல்ல சார்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அது அவரோடு வாதாடுவதில் இருந்த பெரிய சிரமம்.

செல்வி போனபிறகு, நான் கேட்காமலே ஒரு விஷயம் சொன்னார். இளவயதில் அவருக்கு வெளிநாட்டில் ஒரு வேலை கிடைத்ததாம். அப்போதிருந்த மேலதிகாரி விடுவிப்புக் கடிதத்தைக் கொடுக்காமல், 'இந்தப் பிராஜெக்ட் முடியட்டும், அந்தப் பிராஜெக்ட் முடியட்டும்' என்று இழுத்தடித்தாராம். வெளிநாட்டு வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. "அவர் கெட்டவர் இல்ல சார். நான் இல்லேன்னா டீம் உடைஞ்சிடும்னு நெனச்சார். உடையல. நான் போயிருந்தாலும் உடைஞ்சிருக்காது." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "யாரையும் புடிச்சு வைக்கக் கூடாது சார்."

விடுவிப்புக் கடிதம் தாமதமானால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்திருக்கலாமே என்றேன். அதற்கும் சிரித்தார்.

அந்த ஆறு மாதத்துக்குள் எங்கள் பொருளாளருக்கு வேலை போயிற்று. ஆட்குறைப்பு. பிள்ளை பள்ளிக்கூடத்தில். தலைவர் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மாதத்தில் பொருளாளரும் அதே நிறுவனத்தில் அமர்ந்தார். அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. தனித்தனியாகப் பார்த்தால் நால்வருமே தங்கமானவர்கள். கூட்டிப் பார்த்தால் பெரும்பான்மை.

நவராத்திரிக்கு முன்பு ஒரு ஞாயிறு செயற்குழு கூடியது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பொருளாளர். மென்பொருளின் பெயரும் தளமும் சாவியும் 'பாதுகாப்பு கருதி' புரவலர் நிறுவனத்துக்கு மாற்றப்படும். புதிய பதிப்பு நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் படிக்கும். இணையம் இல்லாமல் கணினிக்குள்ளேயே படிக்கும் பழைய பதிப்பைப் பராமரிப்பது மார்ச் மாதக் கடைசியோடு நிறுத்தப்படும். சிறப்பு அழைப்பாளராக மேலாளரும் வந்திருந்தார்.

தயாளன் கையைத் தூக்கினார். "நான் படிக்கிற பேப்பர் உங்க சர்வருக்குப் போவுமா?"

"என்க்ரிப்ட் ஆகித்தான் சார் போகும்."

"பூட்டு இருக்கட்டும். போவுதா, போவலையா?"

"போகும் சார். ஆனா..."

"அப்ப அது என் கட்சிக்காரன் பேப்பர் இல்ல. உங்க ஊட்டுப் பேப்பர். ஒரு பொம்பள புருஷன் மேல குடுத்த கம்ப்ளெயின்ட் இன்னிக்குக் காலைல என் பைக்குள்ள கீது. அதை உங்க ஆபீசுக்கு அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவங்ககிட்ட பேசறது?"

நான் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினேன். பதினோராம் விதிப்படி மூன்றாமவரும் நான்காமவரும் பணியேற்ற நாள்களிலேயே அவர்களுடைய இடங்கள் காலி. எஞ்சியவர்கள் ஐவர். இருவர் ஆதரித்து மூவர் எதிர்த்தால் தீர்மானம் தோற்கும். தலைவர் காலியிடங்களைப் பதிவு செய்தால் போதும். ஒரு வரி எழுதினால் முடிந்தது.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார், யாரும் சொல்லாமலே. தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"காலியிடம் எதுவும் இதுவரை பதிவாகல" என்றார் தலைவர். "ஓட்டெடுப்பு நடக்கட்டும்."

நாலுக்கு மூன்று. எதிர்த்து ஓட்டுப் போட்ட மூவரில் அவரும் ஒருவர். இதை அவருக்காகச் சொல்ல வேண்டும். அவருக்கு எதிராகவும் சொல்ல வேண்டும்.

படியில் இறங்கும்போது தயாளன் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் தலைவரின் காலடிச் சத்தம் கேட்டதும் நின்றார்.

"தலைவரே, எனக்கு ஓட்டும் போட்டீங்க, அவங்களுக்குக் கதவையும் தொறந்து வுட்டீங்க."

"திட்டுங்க தயாளன்."

"திட்டல. உங்களத் திட்டவும் வரல, அதான் பேஜாரா கீது."

நிரல் திறந்ததுதானே, பிரதி எடுத்துக்கொண்டு வேறு பெயரில் தனியாகப் போனால் என்ன என்று வழியில் கேட்டேன். அதற்கு உரிமை உண்டு என்று நானே படித்து வைத்திருந்தேன். "காப்பி கீது சார்" என்றார் தயாளன். "ஆளு எங்க கீது?" உண்மைதான். அந்த நிரலின் உள்ளும் புறமும் தெரிந்த நால்வரும் இப்போது ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். வெளிவேலை எதுவும் செய்யக் கூடாது என்பது அவர்களுடைய பணி ஒப்பந்தம். தலைவருக்குத் தெரிந்தது சோதிக்கும் வேலை. எங்கே உடைந்திருக்கிறது என்று அவரால் சொல்ல முடியும், ஒட்ட வராது. ஆனாலும் தீபாவளி வரை கீழ்வீட்டில் உட்கார்ந்து முயன்று பார்த்தார். புதிதாக ஆள் தேடி, பொறியியல் முடித்த ஒருவரைப் பிடித்துப் பழக்கினார். அந்த ஆள் ஓரளவு தேறியதும் பெங்களூரில் ஒரு வேலைக்கு அனுப்பிவைத்தார். இதைக் கேட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாம என்ன சார் அவருக்குக் குடுக்க முடியும்?" என்றார்.

"சம்பளம் கொடுக்க முடியாது. செய்ய வேலை இருந்ததே."

மடிக்கணினியை மூடி வைத்தார்.

தீபாவளி கழிந்து நிறுவனத்துக்கு எழுதினோம். பெயரைச் சங்கத்துக்குத் திருப்பித் தர வேண்டும், பழைய பதிப்பைப் பராமரிப்பதை நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான். வரைவு என்னுடையது. 'உரிமை', 'மீறல்', 'ஏழு நாட்களுக்குள்' என்ற சொற்களையெல்லாம் அவர் அடித்துவிட்டு 'அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினார்.

"இது கோரிக்கை. கல்யாணப் பத்திரிகை இல்லை" என்றேன்.

"சண்டை போட்டா உள்ள இருக்கிற நாலு பேருக்குத்தான் சார் சங்கடம்."

மின்னஞ்சல் போன கையோடு, 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று ஒரு தானியங்கிச் செய்தி வந்தது. அதற்குப்பின் ஒன்றும் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினோம். மறுபடியும் எங்கள் கருத்து மிக முக்கியமாயிற்று.

மார்கழியில் செல்விக்குப் பணி உறுதியானது. இனிப்பு கொண்டுவந்தார். கீழ்வீட்டில் சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது. பொங்கல் முடிந்து நடந்த செயற்குழுவில் தலைவர் தன் வாக்கைக் காப்பாற்றினார். செல்வியின் இடம் காலியானதாகத் தீர்மானப் புத்தகத்தில், அழகான கையெழுத்தில், விதி எண்ணைக் குறிப்பிட்டுப் பதிவு செய்தார். செல்வியும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்தில் முடிவு செய்ய எதுவும் மிச்சம் இருக்கவில்லை. பெயரும் தளமும் சாவியும் அதற்கு முன்பே கைமாறியிருந்தன.

மார்ச் தொடக்கத்தில், கணினிகளுக்கு வந்த ஏதோ ஒரு புதுப்பித்தலில் பழைய பதிப்பு வாய் மூடிக்கொண்டது. இதற்கு முன்பும் இப்படி ஆனதுண்டு. செல்வியோ ரியாஸோ ஒரு மாலையில் சரி செய்துவிடுவார்கள். இந்த முறை யாரும் தொடவில்லை. மாதக் கடைசி வரை பராமரிப்பு உண்டு என்பது தீர்மானம், தொடக் கூடாது என்பது நிறுவனத்துக்குள் வந்த உத்தரவு.

நான் தயாளனைப் பார்க்கச் சைதாப்பேட்டைக்குப் போனேன். நீதிமன்றத் தாழ்வாரத்தில், வழக்கமாகக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவர், அன்று பக்கத்தில் ஜூனியரை வைத்துக்கொண்டிருந்தார். ஜூனியர் ஒரு கட்டைப் பிரித்துத் தணிந்த குரலில் படித்துக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டதும் தயாளன் அவரை டீ வாங்க அனுப்பினார்.

"நல்ல ஆளுதான் சார். தப்பாச் சொல்லல. ஆனா ஒரு பாராவை வுட்டுட்டுப் படிச்சான்னா எனக்கு எப்படித் தெரியும்? படிச்சதை எங்க போய்ச் சொல்றான்னு எப்படித் தெரியும்? மறுபடியும் மூஞ்சி பாக்காம நம்பணும். மூஞ்சி பாத்து நம்புறதே கஷ்டம்ன்றாங்க."

"புதிய பதிப்பை..."

"மாட்டேன் சார். அந்தம்மாவோட கம்ப்ளெயின்ட் இன்னும் என் பையிலதான் கீது."

திரும்பி வந்து இதை அப்படியே தலைவரிடம் சொன்னேன். ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை. அவர் மேசையில் இருந்த பழைய அறிவிப்புகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். "இந்த மாசம் முடியறதுக்குள்ள பதில் வந்துடும் சார். உள்ள நம்ம ஆளுங்க இருக்காங்க" என்றார். அன்றிரவே இன்னொரு நினைவூட்டல் அனுப்பினார். அதில் மட்டும் 'அன்புடன்' இல்லை.

மார்ச் முடிந்தது. பங்குனித் திருவிழா ஓய்ந்து, கோயிலில் விடையாற்றிக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்தன. மாலையில் நாதஸ்வரம் கேட்க நாங்கள் இருவரும் மாட வீதிக்கு நடந்தோம். ஒரு நகைக்கடை வாசலில் அவருடைய செல்பேசி ஒலித்தது. நின்று படித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

இரண்டே பத்தி. சங்கத்தின் செயற்குழு தன் பெரும்பான்மைத் தீர்மானத்தின் மூலம் தானாக முன்வந்து மாற்றித் தந்தவற்றைத் திருப்பிக் கோருவதற்கு முகாந்திரம் இல்லை. பழைய பதிப்பைப் பற்றிய எந்த வேண்டுகோளும் நிதியாண்டு முடிவதற்குள் பரிசீலிக்கப்பட்டிருக்க வேண்டும். தற்போது அது இயலாததற்கு வருந்துகிறோம். குறை சொல்ல இடமில்லாத வரைவு. நான் பணியில் இருந்தால் ஒரு எழுத்தை மாற்றாமல் ஒப்புதல் கொடுத்திருப்பேன். கீழே கையெழுத்து: செல்வி. அதற்கும் கீழே, மேலாளர், சமூக உறவுகள்.

செல்பேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இரண்டு விரலால் அந்தக் கடைசி வரியை மட்டும் பெரிதாக்கினார்.

"மேனேஜர் ஆயிட்டா சார்" என்றார். "சொல்லவே இல்ல பாருங்க."

அந்த முகத்தில் நான் வருத்தத்தைத் தேடினேன். இருந்தது. ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, ரியாஸுக்கு வேலை கிடைத்த அன்று மாடிப்படியில் நான் பார்த்த அதே சந்தோஷம். அதில் ஒரு துளி நடிப்பில்லை. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. வெகுநாள் கழித்துத்தான் அது கோபம் மட்டும் அல்ல என்று புரிந்தது.

"தயாளனுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

பெரிதாக்கிய எழுத்துகள் அவர் கையிலேயே அணைந்து திரை இருண்டது. அவர் அதைத் திரும்ப ஏற்றவில்லை. கூட்டம் எங்களை ஒதுக்கிக்கொண்டு போயிற்று. கச்சேரிக்குப் போகவில்லை, வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில், "காலைல நானே சைதாப்பேட்டைக்குப் போறேன் சார். நீங்க வர வேண்டாம்" என்றார். போனார். தயாளனிடம் என்ன சொன்னார் என்று இருவருமே என்னிடம் சொன்னதில்லை.

சங்கத்தின் கடிதப் பதிவேட்டில் அந்தப் பதிலை நான்தான் ஏற்றினேன். அனுப்பியவர், பொருள், எடுத்த நடவடிக்கை. நடவடிக்கைக் கட்டம் காலியாக இருக்கிறது. பெறப்பட்ட நாள், ஏப்ரல் இரண்டு.